பதினொண்ணு மாடல்

"காப்பாத்தறது கஷ்டங்க. வேர் வரைக்கும் போயிடுச்சு" என்றார் பல் டாக்டர், குரலைத் தாழ்த்தி. எதிரில் இருந்தவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"ஆறு மாசம் தெரியாம ஓடிடும். அப்புறம் மொத்தமா எடுத்துட்டு வேற வைக்க வேண்டியதுதான்."

"ஐயையோ! நல்ல வேளை சொன்னீங்க." அந்த மனிதர் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் கதவை மெல்லச் சாத்திவிட்டு நடையைக் கட்டினார். டாக்டர் பேசியது பல்லைப் பற்றி அல்ல, கியர் பாக்ஸைப் பற்றி. இடமும் கிளினிக் அல்ல, பழைய கார் விற்கும் கடை.

மூன்று சனிக்கிழமைகளாக அவருக்கு இதே வேலை. போனும் காதுமாகவே இருக்கும் கடைக்காரர், யாரோ கார் பைத்தியம் என்று அவரைக் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தார்.

உண்மையில் அந்தக் காரில் எள்ளளவும் குறை கிடையாது. இரண்டாயிரத்துப் பத்து மாடலில் கியர் சிக்கும். பன்னிரண்டு மாடலில் செலவைக் குறைக்கிறேன் என்று கம்பெனிக்காரன் எல்லாவற்றிலும் கை வைத்துக் கெடுத்துவிட்டான். நடுவில் வந்த பதினொண்ணு மட்டும்தான் அசல் தங்கம் என்பதை டாக்டர் ஒரு வருஷம் படித்துத் தெரிந்துகொண்டிருந்தார்.

இருபது வயதிலிருந்து அவருக்கு ஸ்போர்ட்ஸ் கார் என்றால் உயிர். இப்போது ஐம்பது நெருங்குகிறது. இதை விட்டால் இனி ஜென்மத்துக்கும் கிடைக்காது.

வக்கீலான மனைவியின் சம்மதம் மட்டும்தான் பாக்கி. சிவப்புக் காரின் போட்டோவை அவளிடம் காட்டியாயிற்று. மாடல், வருஷம் என்று ஆரம்பித்தாலே காதைப் பொத்திக்கொள்வாள். "யோசிச்சுச் சொல்றேன்" என்று வாரா வாரம் வாய்தா வேறு. அவள் யோசித்து முடிப்பதற்குள் எவனாவது கொத்திக்கொண்டு போய்விட்டால்?

அன்று அடுத்ததாக வந்தது ஒரு சின்னப் பெண். தோளில் பை, கையில் நோட்டு. வேறு எந்தக் காரையும் ஏறெடுத்துப் பார்க்காமல் நேராகச் சிவப்பிடம் போய் நின்றாள். டாக்டர் சட்டென்று பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"சார், உங்களுக்கு வண்டியப் பத்தித் தெரியுமா? இந்தப் பதினொண்ணு மாடல் எப்படி?"

"வேண்டாம்மா" என்றார் டாக்டர், கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும்போது வைத்துக்கொள்ளும் அதே கனிவான முகத்தோடு. "ரெண்டாவது கியர்ல மாட்டிக்கும். வளைவுல ஒரு பக்கமா இழுக்கும். மழை பெஞ்சா உள்ள குடை பிடிக்கணும்."

அவள் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, "இதெல்லாம் நீங்க நேர்ல பார்த்ததா சார், இல்ல யாராவது சொல்லிக் கேட்டதா?" என்றாள்.

"நேர்லயேதாம்மா. என் மச்சான் இதை வாங்கி நடுரோட்ல நின்னான். நான்தான் தள்ளிவிட்டேன்" என்று, பிறக்காத மச்சானைக் கூசாமல் நடுரோட்டில் நிறுத்தினார்.

"அப்ப எந்த வருஷம்தான் சார் நல்ல வருஷம்?"

இத்தனை பொறுமையாகக் கேட்கிற பெண், வேறு வழி காட்டாவிட்டால் நகரமாட்டாள் என்று டாக்டருக்குத் தோன்றியது. மூலையில் அதே காரின் பன்னிரண்டு மாடல் ஒன்று மஞ்சள் நிறத்தில், கேட்பாரற்று நின்றுகொண்டிருந்தது.

"பன்னெண்டு! கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம். அதோ நிக்குது பாருங்க, அதை விட்டுடாதீங்க."

அவள் அடிக்கோடு போட்டுக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பாவம், சின்னப் பெண்ணை ஏமாற்றிவிட்டோமே என்று மனசு குத்தத்தான் செய்தது. சிவப்பை ஒரு முறை திரும்பிப் பார்த்ததும் அது சரியாகிவிட்டது.

புதன்கிழமை சாயங்காலம் டாக்டர் வீடு திரும்பியபோது, மனைவி வாசலிலேயே வாயெல்லாம் பல்லாக நின்றாள்.

"என்னங்க, தீர்ப்பு சொல்லிட்டேன்!"

அவளுக்குப் பின்னால், துணி போர்த்தி ஒரு வண்டி. ரெண்டே சீட்டு வண்டி. கல்யாணமான இத்தனை வருஷத்தில் மனைவி மேல் இவ்வளவு பிரியம் அவருக்கு வந்ததே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு துணியை இழுத்தார்.

மஞ்சள்.

"பன்னெண்டு மாடல்!" என்றாள் மனைவி பெருமையாக. "நீங்க காட்டின சிவப்பைத்தான் எடுக்கறதா இருந்தேன். எதுக்கும் விசாரிப்போம்னு, புதுசா சேர்ந்த என் ஜூனியரைக் கடைக்கு அனுப்பினேன். அது சுத்த ஓட்டை வண்டியாமே!"

"யாரு... யாரு சொன்னா?"

"அங்க ஒரு நல்ல மனுஷன், கேட்டதுக்கெல்லாம் நேர்ல பார்த்த மாதிரியே புட்டுப் புட்டு வச்சிருக்கார். அந்த மாதிரி ஒரு ஆள் கிடைச்சா எந்தக் கேஸையும் ஜெயிச்சுடலாம்."

"சிவப்பு... இன்னும் கடையிலதானே இருக்கு?" என்றார் டாக்டர் ஈனசுரத்தில்.

"அதை நேத்தே எவனோ ஏமாந்தவன் ஓட்டிட்டுப் போயிட்டானாம்."

அப்போது வண்டியின் மறுபக்கத்திலிருந்து சாவியோடு ஜூனியர் வந்தாள். டாக்டரைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"மேடம், இவர்தான் மேடம் நம்ம சாட்சி!"