வாசலில் இரண்டு ஜோடி

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் ஜோடி சரிபார்க்கும் மெஹக், சூப்பர்வைசர் வேலைக்குத் தேர்வு எழுதினாள். கடைசிக் கேள்வி: 2x + 6 = 14, x + 3 = 7 இரண்டும் சமானமா? முதலாவதன் இரு பக்கத்தையும் பாதியாக்கினால் இரண்டாவது வந்துவிடும். தோற்றம்தான் வேறு, இரண்டிலும் x நான்குதான். பென்சிலால் ‘ஆம்’ என்று குறித்து, தாளை மேசையில் வைத்துவிட்டுக் கடைசி ஆளாக வெளியே வந்தாள்.

வாசலில் இரண்டு ஜோடி செருப்பு கிடந்தது. வேலைப் பழக்கத்தில் சேர்த்து வைத்துப் பார்த்தாள். இரண்டிலும், அறுந்த தன் செருப்பு வாருக்கு அவள் போட்ட அதே நீலத் தையல்.

“இன்னாம்மா பாக்குற? ஒண்ணு உள்ள எழுதுற பொண்ணோடது” என்றார் வாட்ச்மேன்.

“உள்ள யாரும் இல்லியே அண்ணா.”

“பெல் இன்னும் அடிக்கலியே.”

மெஹக் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். அவள் இடத்தில், அவள் துப்பட்டாவோடு ஒருத்தி குனிந்து ‘ஆம்’ என்பதை அழித்துக்கொண்டிருந்தாள்.