பெரியம்மா வரவில்லை

குழந்தை பிறந்து மாசம் ஒன்றாகப் போகிறது. பெரியம்மாக்காரி எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வெளியூரா, வெளிநாடா? ஒரே ஊர்தான். பஸ் ஏறினால் கண்ணயர்வதற்குள் வந்து இறங்கிவிடலாம். கூடப் பிறந்த தங்கைக்கு, அதுவும் இத்தனை காலம் ஏங்கியபிறகு பிறந்த பெண் குழந்தை. முகத்தைக் காட்ட நேரமில்லையாம்.

பார்க்க வந்தவர்கள் எல்லாம் இதையேதான் கேட்டார்கள். மாமியார் சும்மா இருப்பாளா? கிருமிகளோடு குடும்பம் நடத்துகிறவளுக்கு மனுஷ வாடை ஆகாது போல என்று ஒரு போடு போட்டாள்.

பெரியம்மா ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானி. கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாமென்று, நோய்க்கிருமியும் தடுப்பூசியுமே கதியாகக் கிடப்பவள். போன் செய்தால் எப்போதும் ஒரே பதில்தான்: வேலை இருக்கு, வரேன். அந்த "வரேன்" வந்தபாடில்லை.

தங்கை யாரிடமும் வாய் திறக்கவில்லை. புருஷனிடம் மட்டும் சொல்லி அழுதாள்.

"மூத்தவளை நான் சரியாப் பாத்துக்கலன்னு அக்கா மனசுல இருக்குங்க. அதான் இவளைப் பாக்க வர மாட்டேங்குறா."

மூத்தவள் அவர்களுடைய முதல் குழந்தை. தடுப்பூசி போடும் வயசுகூட ஆகாத பச்சை மண். கக்குவான் இருமல் வந்து, இருமி இருமி, மூச்சு திரும்பாமலே போய்விட்டது. அதற்கப்புறம் வீட்டில் யாராவது தொண்டையைக் கனைத்தால்கூட இவளுக்கு உயிர் போய் உயிர் வரும்.

பெண்டாட்டி அழுவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவன் என்ன கல்லா? நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிடுவதென்று, மறுநாளே லீவு போட்டுவிட்டு ஆராய்ச்சி நிலையத்துக்குக் கிளம்பினான்.

வரவேற்பிலிருந்த பெண் அவனை லேப் பக்கம் அனுப்பவில்லை. பின்புறக் கட்டிடத்துக்கு அனுப்பினாள். அங்கே ஒரு டாக்டர் அவனைக் கண்ணாடிச் சுவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். உள்ளே ஆஸ்பத்திரி உடுப்பில் நாலைந்து பேர் கட்டிலில் உட்கார்ந்து சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி பெரியம்மா. தோற்றுக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது, விழுந்து விழுந்து சிரித்தாள்.

இதுதான் வேலையா என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டாக்டர் அவனை உட்காரவைத்தார். வீட்டிலிருந்து யாராவது வந்தால் எல்லாவற்றையும் சொல்லிவிடச் சொல்லியிருந்தாளாம். தங்கையிடம் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லையாம்.

கக்குவானுக்கு ஒரு புதுத் தடுப்பூசி. பிறந்த அன்றைக்கே குழந்தைக்குப் போடலாம். அவளுடைய இத்தனை வருஷ உழைப்பு. மனுஷர்களிடம் பலிக்கிறதா என்று முதலில் பெரியவர்களிடம்தான் பார்க்க வேண்டும். ஊசி போட்டுக்கொண்டு, அப்புறம் உயிருள்ள கிருமியையே மூக்கில் சொட்டு விட்டுக்கொள்ள வேண்டும். பெரியவர்களுக்கு உயிருக்கு ஆபத்தில்லை, மருந்தும் கைவசம் உண்டு. இருந்தும் பெயர் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

நடத்துகிறவரே சோதனைக்கு உட்காரக் கூடாது என்பது விதி. அதனால் அவள் தலைமைப் பொறுப்பை இந்த டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டு, முதல் ஆளாக வந்து மூக்கை நீட்டிவிட்டாள். அதைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்குத் துணிச்சல் வந்தது. ஆராய்ச்சி வெளிவரும்போது அதில் அவள் பெயரே இருக்காது. கிருமி முழுசாகப் போகும்வரை கைக்குழந்தை இருக்கிற பக்கமே அவள் தலைவைக்கவும் கூடாது.

அவன் கேட்க வந்த நாலு வார்த்தையும் போன இடம் தெரியவில்லை. இப்படியும் ஒரு பிறவியா என்று கண்ணாடி வழியாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு, அந்தக் கிருமியை எங்கிருந்து எடுப்பீர்கள் என்று மெதுவாகக் கேட்டான்.

"எங்க ஃப்ரீசர்ல எத்தனையோ இருக்கு சார். கொஞ்சம் சாதுவானதா ஒண்ணை எடுக்கலாம்னு எல்லாரும் சொன்னோம். மேடம் கேக்கல. முன்னாடி ஒரு கைக்குழந்தை கக்குவான்ல கிடந்தப்ப, அவங்களே ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய், பஞ்சுக் குச்சியால மூக்குலேர்ந்து தொட்டெடுத்து வளர்த்த கிருமி ஒண்ணு இருக்கு. குழந்தை பிழைக்கல. இதை ஜெயிச்சாத்தான் ஜெயிச்ச மாதிரின்னு பிடிவாதமா நின்னாங்க."

அந்தப் பஞ்சுக் குச்சி அவனுக்கு நினைவிருந்தது. குழந்தையின் தலை ஆடாமல் பிடித்துக்கொண்டவன் அவன்தான்.

உள்ளே இருந்தவள் அப்போதுதான் அவனைப் பார்த்தாள். சீட்டைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். இரண்டு கைகளையும் பிள்ளையை ஏந்துகிற மாதிரி வைத்து ஆட்டி, எப்படி இருக்கிறாள் என்று சைகையில் கேட்டாள்.

டாக்டர் பெருமூச்சு விட்டார். "பாவம், அந்தக் குழந்தையைப் பெத்தவங்களுக்கு இதெல்லாம் தெரியுமோ என்னவோ."

"இப்பதான் தெரிஞ்சுது, டாக்டர்" என்றான் அவன்.