பலாமரத்தடியில் ஒரு கம்பெனி

"இன்னிக்கும் வந்து உக்காந்துட்டான், மஞ்சுளாக்கா!"

சரிதா குழந்தையை இறுக்கிக்கொண்டு ஜன்னலைப் பாதி சாத்தினாள். வெளியே மலையிலிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது. பலாமரத்தடியில் அந்த ஆள், மடியில் ஒரு பை. பனிக்குள் பாதி கரைந்திருந்தான்.

பக்கத்து வீட்டு மஞ்சுளா எட்டிப் பார்த்தாள். "அட, நெட் கனெக்ஷன் விக்க வந்த குமரேசன்!"

கொஞ்ச நாள் முன்னால் வந்தவன்தான். கையடக்க டப்பா ஒன்றைக் காட்டினான்.

"எங்க புது டவர்ல ஓடுதுங்க. எங்க வெச்சாலும் வைஃபை. உங்க பழைய பேரு, பாஸ்வேர்டையே இதுலயும் போட்டுக்கலாம். போன்ல எதையும் மாத்த வேணாம்."

"வேணாங்க. வேற கம்பெனி ஒயர் இருக்கு. பாப்பாவுக்கு மூச்சிரைப்பு. தினம் சாயங்காலம் போளூர் டாக்டர் அதுலதான் வீடியோவுல பார்க்கிறார். மாத்த பயமா இருக்கு."

மஞ்சுளா அன்று அவன் எதிரிலேயே சிரித்தாள். "வைஃபை பேரும் தமிழரசி, பாஸ்வேர்டும் தமிழரசி. பெத்த பொண்ணு பேரையே பூட்டா போட்டு வெச்சிருக்கா, இவளாவது மாத்துறதாவது!"

இன்று சிரிக்கவில்லை. வாசலில் இறங்கிக் கத்தினாள்.

"ஏம்ப்பா, ஆம்பள இல்லாத வூட்டு முன்னால தினம் இன்னா வேல ஒனக்கு? ஆள் புடிக்க வேற எடமே இல்லியா?"

குமரேசன் எழுந்தான். பையை எடுத்துக்கொண்டு பனிக்குள் போய்விட்டான்.

சற்று நேரத்தில் டாக்டரின் அழைப்பு. படம் நின்றது, நகர்ந்தது, கனவில் வரும் முகம்போல மறுபடி நின்றது.

"பாப்பா நெஞ்சைக் காட்டுங்கம்மா... ம். இரைப்பு குறைஞ்சிடுச்சு. பயப்படாதீங்க."

சரிதாவுக்கே அப்போதுதான் மூச்சு வந்தது.

கதவு தட்டப்பட்டது. அவளுடைய கம்பெனி லைன்மேன் ஆனந்தன், தோளில் ஒயர் சுருளோடு.

"மன்னிச்சுக்கங்கக்கா. மலைப்பாதையில மண்ணு சரிஞ்சு ஒயர் அறுந்து ஒரு வாரமாச்சு. இப்பதான் அனுப்புறாங்க. ஆபீஸ்ல புது கனெக்ஷன் எத்தினின்னுதான் கேக்குறாங்க. அறுந்தத யாரு கேக்குறாங்க? அந்தக் கம்பெனி குமரேசன்தான் தினம் போன் போட்டு, 'கொழந்த இருக்குற வூடு, சீக்கிரம் வாடா'ன்னு திட்டுவான்."

"ஒயர் இல்லியா? இப்பகூட டாக்டர் வந்தாரே!"

கையிலிருந்த போனைப் பார்த்தாள். வைஃபை 'தமிழரசி', ஒற்றைக் கோடு சிக்னலில்.

பலாமரத்தடியில் யாரும் இல்லை. பின்கதவைத் திறந்தாள்.

தூரத்துப் பாறைமேல், வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தான் குமரேசன். உயர்த்திப் பிடித்த கையில் டப்பாவின் பச்சை விளக்கு, பனியில் மினுங்கியது.

கை வலித்திருக்க வேண்டும். திரும்பிப் பார்க்காமலே, டப்பாவை மறு கைக்கு மாற்றிக்கொண்டான்.