ஒட்டவைத்த சிரிப்பு

“ஏம்மா, உனக்குச் சிரிக்கவே வராதா?”

கேட்டவர் கேமராக்காரர். ஓர் ஆவணப்படத்துக்காக எங்கள் வீட்டில் அப்பாவைப் பேட்டி எடுத்து முடித்து, வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

நான் கதவுக்குப் பின்னால் பாதி ஒளிந்து நின்றிருந்தேன். அந்த நேரம் பார்த்துக் கொடியில் கிடந்த ஈரப் போர்வை சரிந்து இயக்குநரின் தலையை மூடியது. கண் தெரியாமல் தடுமாறி பீரோவில் மோதியவர், பீரோவிடம் மன்னிப்புக் கேட்டார்.

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். கேமரா ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

படம் முடிந்ததும், அதில் வருபவர்களுக்குத்தான் முதலில் காட்டுவோம் என்று எங்களையும் கூப்பிட்டார்கள். மதங்களைக் கேள்வி கேட்கிற படம். ஆனால் வயிறு வலிக்கச் சிரிக்கலாம் என்றார்கள்.

கம்பளம் விரித்த அறை. எல்லோரும் செருப்பை வாசலிலேயே கழற்றியிருந்தார்கள். வெறுங்காலோடு அப்பா உள்ளே வந்ததை யாரும் கவனிக்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. தெருவில் என்றால் அவருக்குக் கொஞ்சம் பின்தங்கித்தான் நடப்பேன்.

படத்தில், அப்பா கூட்டிப் பெருக்குகிற பிரார்த்தனைக் கூடத்தின் தலைவர் வந்தார். கடவுள் தினமும் காலையில் தன்னோடு பேசுவதாகச் சொன்னார்.

“காபிக்கு முன்னாடியா, பின்னாடியா?” என்று கேட்டார் இயக்குநர்.

தலைவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். அறை குலுங்கியது. அப்பாவும் கண்ணில் நீர் வரச் சிரித்து, “மாட்டிக்கிட்டாரு பாரு” என்று என் தோளைத் தட்டினார்.

பிறகு அப்பா வந்தார்.

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ‘இவள் பிழைக்கட்டும், இனி செருப்பே போடமாட்டேன்’ என்று வேண்டிக்கொண்டு அங்கேயே கழற்றிப் போட்டதைச் சொன்னார்.

“அவங்கதான் போயிட்டாங்களே. இப்ப போட்டுக்கலாமே?” என்று கேட்டார் இயக்குநர்.

“அதெப்படி சார்? கடவுள் செய்யலைன்னு நானும் விட்டுட்டா, எங்க ரெண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்?”

அறையில் யாரும் அசையவில்லை.

அடுத்து, திரை முழுக்க என் முகம். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறேன்.

அவ்வளவுதான். எல்லோருக்கும் சிரிப்பு வெடித்தது. பின்னாலிருந்து ஒரு குரல், “பெத்த பொண்ணுக்கே தாங்கலை!” என்றது.

திரையில் போர்வை இல்லை. பீரோவும் இல்லை.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. கால்களை மட்டும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

‘அப்பா, அது போர்வைக்குச் சிரிச்சது.’ இவ்வளவுதான் சொல்ல வேண்டும். மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். எனக்கே பொய் மாதிரி இருந்தது.

விளக்கு எரிந்தது. கைதட்டினார்கள். அப்பா எழுந்து வெளியே நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. அப்பா குனிந்து தேடி, என் செருப்பை எடுத்தார். எங்கே போனாலும் அவர்தான் எடுத்துத் தருவார். நான் காலை நீட்டினேன்.

அவர் அதைத் தன் முன்னால் போட்டு, தன் காலை நுழைத்தார். குதிகால் பாதி வெளியே நின்றது.

அப்படியே தெருவில் இறங்கிப் போனார்.