இரண்டாவது கவுண்டரில் தியானம்

மன அமைதி வகுப்பு நடத்திய பார்சல் அலுவலகம், மணிக்கு ஒரு நிமிடம் தியானத்துக்கென்று ஒதுக்கியது. அப்போது மட்டும் கவுண்டரில் செல்போனைத் தொடலாம். முதல் கவுண்டர்க்காரிக்கு அந்த நிமிடம் ஒருநாளும் வாய்த்ததில்லை. இரண்டாவது கவுண்டர்க்காரரோ தவறவிட்டதே இல்லை. இயர்போனை மாட்டிக் கண்ணை மூடினால், அவர் வரிசையும் இவள் தலையில்தான் விழும்.

“சாமியாரே, கூட்டம் வாசலைத் தாண்டி நிக்குது. மூச்சை வீட்டுல போய் கவனிங்க!”

அவர் உதடு மட்டும் அசைந்தது.

“மேடம், அவரு எப்ப எந்திரிப்பாரு?” என்றார் வரிசையில் முதல் ஆள்.

“சமாதி கலைஞ்சாத்தான் தெரியும்” என்றவள், பொறுமையிழந்து இயர்போனைப் பிடுங்கித் தன் காதில் வைத்தாள்.

குரு யாரும் பேசவில்லை. கரகரவென்று யாரோ மூச்சிழுக்கும் சத்தம். நடுவே ஒரு சிறுமியின் குரல்: “அப்பா, போனை அம்மா வாய்கிட்டதான் வச்சிருக்கேன். மூச்சு நிமிஷத்துக்குப் பன்னண்டுக்குக் கீழ போனா ஆம்புலன்ஸைக் கூப்பிடணும்ல? எண்ணுறீங்களா?”

அவர் பதறிக் கையை நீட்டினார். “குடுங்க மேடம், எண்ணிக்கை விட்டுப்போச்சு. லீவும் தீந்துபோச்சு, எனக்கு இந்த ஒரு நிமிஷந்தான்.”

“நீங்க கடிகாரத்தைப் பாருங்க சார்” என்றாள் அவள். “ஒண்ணு...”