ஆறாம் எண் மீட்டர்

காலாவதியான மீட்டரை மாற்ற வந்தவர், மாடிப்படிக்குக் கீழே ஆறாம் எண் எழுதியிருந்த பெட்டியில் ஃபியூஸைப் பிடுங்கினார். ஆறாம் எண் வீட்டுக்குள் நின்ற இருதயராஜின் தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. எதிர்வீட்டில்தான் டி.வி. அணைந்தது.

மேலே ஏறி வந்து பார்த்தவர், "ரெண்டு வீட்டு மீட்டரும் மாறியிருக்கு சார். வயர் இழுத்தப்பவே மாத்திக் கொடுத்திருக்காங்க. இத்தனை வருஷமா அவங்க ரீடிங்தான் உங்க பேர்ல ஏறியிருக்கு" என்றார்.

போன சித்திரையில் மின்கட்டணம் எகிறியபோது, தன்னோடு குடியிருந்த அக்கா ஆக்னஸிடம் இருதயராஜ், "நாள் பூரா ஃபேன் ஓடினா ரீடிங் ஏறாம என்னக்கா செய்யும்?" என்று பிள்ளைகள் முன்னாலேயே கேட்டிருந்தான். அதன்பிறகு அக்கா பத்து நாள், மத்தியான வெக்கையை மாடிப்படியில் உட்கார்ந்தே கழித்தாள். பிறகு கன்னியாஸ்திரீகள் நடத்தும் இல்லத்துக்குப் பெட்டியோடு போய்விட்டாள். அவன் தடுக்கவில்லை.

கையோடு கூட்டி வந்துவிடலாம் என்றுதான் அன்று மாலையே அங்கே போனான். அக்கா தாழ்வாரத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"மீட்டர் மாறியிருந்திருக்குக்கா. உன்மேல தப்பில்லை. வா, வீட்டுக்குப் போகலாம்."

அக்கா கையிலிருந்த தண்டை ஒடித்துப் போட்டாள்.

"அப்போ மீட்டர் சரியா இருந்திருந்தா நீ வந்திருக்க மாட்டே, இல்லையா தம்பி?"

அவள் குரலில் கோபமே இல்லை. இருதயராஜ் தரையில் உட்கார்ந்து, அவள் முன்னால் கிடந்த கீரைக்கட்டு ஒன்றைப் பிரிக்க ஆரம்பித்தான்.