கீழ்வீட்டுப் புகார்

"ரெண்டையும் பெட்டியில போட்டுத் திருப்பி அனுப்பிடு" என்றார் அத்தான்.

தங்கை காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினாள். அவள் முன்னால் மேஜையில் இரண்டு டர்ன்டேபிள்கள். டிஜேக்கள் இசைத்தட்டைச் சுழல விட்டு, கையால் முன்னும் பின்னும் தள்ளுவார்களே, அதுதான். அவை வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. இந்த நாட்டுக்கு வந்து, பார்சல் கிடங்கில் மாலை ஷிப்டில் பெட்டி தூக்கிச் சம்பாதித்து, அவள் தனக்கென்று வாங்கிய முதல் பொருள்.

"ஏன் அத்தான்?"

"பில்டிங் மேனேஜர் போன் பண்ணினார். நம்ம வீட்டுச் சத்தம் தாங்க முடியலைன்னு கீழ்வீட்டம்மா புகார் கொடுத்திருக்காங்க. இத்தனை வருஷமா இங்க இருக்கேன். ஒரு ஸ்பூன் விழுந்த சத்தம்னுகூட ஒருத்தர் சொன்னதில்லை. நீ இந்த மிஷினைக் கொண்டு வந்து இறக்கின, மானம் கப்பலேறிடுச்சு."

இதையும் அவர் குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். உறவுக்காரர்கள் மத்தியில் அவருக்கு அப்படி ஒரு பெயர். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசத் தெரியாத மாப்பிள்ளை.

"என்கிட்ட ஸ்பீக்கரே கிடையாது அத்தான். எல்லாம் ஹெட்போன்லதான். வேணும்னா பக்கத்துல வந்து காதை வச்சுப் பாருங்க."

"அப்ப மேனேஜர் பொய் சொல்றாரா? நான் வேலைக்குப் போனப்புறம் நீ என்ன ஆட்டம் போடறேன்னு யாருக்குத் தெரியும்? அது சரி, ரெண்டு எதுக்கு? ஒண்ணு போதாதா?"

"ஒரு அடுப்புல சோறு வேகறப்ப இன்னொண்ணுல காய் வதக்கறோம்ல? ஒரு பாட்டு ஓடும்போதே அடுத்ததைத் தயார் பண்ணணும். ஒத்தை அடுப்புல விருந்து சமைக்க முடியுமா?"

சமையலறையில் அக்கா சிரித்துவிட்டாள். அத்தான் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"ஸ்கேட்டிங் அரங்கத்துல சனிக்கிழமை மதியம் வாசிக்க வாய்ப்பு தர்றோம்னு சொல்லியிருக்காங்க. அடுத்த மாசம் வாசிச்சுக் காட்டணும். இது இல்லாம நான் எதுல பழகறது, தோசைக்கல்லுலயா?"

"எதுல வேணா பழகு. ஆனா இந்த வீட்டுல இருக்கணும்னா அது இருக்கக் கூடாது. நீயே முடிவு பண்ணிக்க."

"பண்ணியாச்சு. வாங்க, கீழ்வீட்டம்மாகிட்டயே கேப்போம். என் சத்தம்தான்னு அவங்க வாயால சொல்லட்டும், இன்னைக்கே கட்டி அனுப்பிடறேன்."

"கேக்கறதாவது! மன்னிப்பு கேக்கப் போறோம்." அத்தான் சமையலறைப் பக்கம் திரும்பினார். "நீயும் வா. 'பாவங்க, ஆசைப்படறா, வாங்கட்டும்'னு வக்காலத்து வாங்கினது நீதானே?"

"நான் எதுக்குங்க? நீங்களே போயிட்டு..."

"வான்னா வா."

மூவரும் படி இறங்கினார்கள். அக்கா கடைசியாக வந்தாள்.

கதவைத் திறந்த அம்மாள் பஸ் டிரைவர். யூனிபார்ம் மாட்டி டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஒரு காலில்தான் ஷூ இருந்தது.

அத்தான் அந்த நாட்டு மொழியில் தேன் தடவிப் பேசினார். "தொந்தரவுக்கு மன்னிக்கணும். இவ என் மனைவியோட தங்கை. விவரம் பத்தாது. ஏதோ மியூசிக் மிஷினை வாங்கி வச்சிருக்கா. திருப்பி அனுப்பச் சொல்லிட்டேன். இனிமே சத்தம் வராது."

"மியூசிக்கா?" அந்த அம்மாள் விழித்தார். "நான் மியூசிக் எதையும் கேக்கலையே!"

"டர்ன்டேபிள். போன வாரம்தான் வந்துச்சு" என்றாள் தங்கை.

"போன வாரமா? நான் புகார் கொடுத்து மூணு மாசம் ஆச்சு. நம்ம மேனேஜருக்கு இப்பத்தான் பொழுது விடிஞ்சிருக்கு."

"கேட்டுக்கிட்டீங்களா அத்தான்?" என்று தமிழில் சொன்னாள் தங்கை. "என் மிஷினுக்கு விடுதலை!"

அத்தான் முகத்தில் அந்தப் பணிவான சிரிப்பு அப்படியே இருந்தது. "அப்ப வேற ஏதாவது வீடா இருக்கும்."

"உங்க வீடுதான். நான் டூட்டி முடிச்சு வர்ற நேரம்." அந்த அம்மாள் தங்கையைக் காட்டினார். "இந்தப் பொண்ணு அப்ப வீட்டுல இருக்க முடியாது. என் கடைசி டிரிப்புலதானே இவளைக் கிடங்கு வாசல்ல இறக்கி விடறேன்."

தங்கை திரும்பி அக்காவைப் பார்த்தாள். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மாதிரி சத்தம்?" தங்கையின் குரல் இறங்கியிருந்தது.

"உங்க பாஷை எனக்குப் புரியாதும்மா. ஒரு ஆம்பளை கத்துவார். ஏதோ விழுந்து உடையும். அப்புறம் ரொம்ப நேரத்துக்கு ஒண்ணுமே கேக்காது. எனக்குப் பயமே அதுலதான்."

"டிவியா இருக்கும்" என்றார் அத்தான்.

அந்த அம்மாள் அவரைத் தாண்டி, படியில் நின்ற அக்காவைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டார். "நீங்க நல்லா இருக்கீங்களா?"

"அவளுக்கு என்ன குறை? நல்லாத்தான்..."

"நான் உங்களைக் கேக்கலை" என்ற அந்த அம்மாள், அக்கா உள்ளே வரும்படி கதவை அகலமாகத் திறந்தார்.